தெருக்குழாய்

என்னை எங்கயாச்சும் பார்த்த மாதிரி இருக்கா சார்? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இல்லையா? அப்ப நிம்மதி. பஸ் ஏறினதுல இருந்து நீங்க ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தீங்க, அதான் கேட்டேன். தேர்தல் சமயத்துல என் போட்டோவப் போட்டு, கீழ ஏதேதோ எழுதி, ஊர் ஊராச் சுத்த விட்டுட்டாங்க. இப்பல்லாம் டீக்கடையில எவனாவது சிரிச்சாக்கூட, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறானோன்னு இருக்கு.

பைய இப்படி மேல வெச்சுக்கோங்க, இடம் இருக்கு. எதுவரைக்கும் போறீங்க? திருச்சியா? நானும் திருச்சிதான். அப்ப பேசிக்கிட்டே போகலாம்.

துரோகம்னு ஒரு வார்த்தை இருக்கே சார், அத நம்ம ஆளுங்க எடுத்ததுக்கெல்லாம் சொல்றாங்க. பங்காளி ரெண்டு அடி தள்ளி வேலி போட்டா துரோகம். கூட்டாளி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமப் போனா துரோகம். அதெல்லாம் என்ன சார் துரோகம்? எனக்கு நடந்ததக் கேளுங்க. என்னைக் கவுத்தது எதிர்க்கட்சிக்காரன் இல்ல. தொழில் போட்டிக்காரன் இல்ல. என் வீட்டுக்காரி. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்கு தோசை சுட்டுப் போட்டுக்கிட்டே கவுத்தா.

முத்துக்கனின்னு பேரு.

முதல்ல என் தொழில் என்னன்னு சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். ஜனங்க மனசப் படிக்கிறது என் தொழில். சிரிக்காதீங்க, ஜோசியம் இல்ல, கம்ப்யூட்டர் வேலை. தேர்தல் வந்தா ஜனங்க பேஸ்புக்குல, யூடியூபுல, வாட்ஸப் குரூப்புல எல்லாம் பேசித் தள்ளுவாங்க இல்லையா? அந்தப் பேச்சையெல்லாம் அள்ளி ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா அது நிறம் பிரிச்சுக் குடுக்கும். வேட்பாளருக்கு ஆதரவாப் பேசினா பச்சை. எதிர்த்துப் பேசினா சிவப்பு. ரெண்டும் இல்லாம சும்மா குட்மார்னிங் போட்டா சாம்பல். வேட்பாளர் பல் விளக்கிட்டு வர்றதுக்குள்ள அவர் போன்ல ரிப்போர்ட் இருக்கணும். ஊர் மனசு இன்னைக்கு எந்தப் பக்கம் சாயுது, எந்தத் தெருவுல கோபம், எந்தத் தெருவுல பாசம், எல்லாம் அதுல வந்துரும்.

அதுக்கு முன்னாடி ஒரு தனியார் காலேஜ்ல புள்ளியியல் எடுத்துக்கிட்டிருந்தேன். நான் பாடம் நடத்தினா ஒருத்தன் நிமிந்து பார்க்க மாட்டான். இங்க ஒரு எம்எல்ஏ, என் வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. 'சௌந்தர், இன்னைக்கு எப்படிப்பா இருக்கோம்?'னு கேப்பாரு. 'பச்சைண்ணே'ம்பேன். மொகம் அப்படியே மலர்ந்துரும். அந்த ருசி உங்களுக்குத் தெரியாது சார்.

எங்க தொகுதி எதுன்னு வேண்டாம், விருதுநகர்ப் பக்கம்னு வெச்சுக்கோங்க. அண்ணன் பேரும் வேண்டாம். ரெண்டாவது தடவை நிக்கிறாரு. அவரோட மச்சினன் கதிரேசன்தான் பிரச்சாரத்த நடத்துறவன். கட்சி ஆபீஸ் மாடியில எனக்குன்னு ஒரு ரூம் குடுத்து, ஏசி போட்டுக் குடுத்தாங்க. நானும் உசிரக் குடுத்து வேலை பார்த்தேன். சாம்பல்ல பாதிய எடுத்துப் பச்சையில சேர்த்துக்கிறது உண்டு. அது இந்தத் தொழில்ல எல்லாரும் செய்றதுதான். காலங்காத்தால ஒரு மனுசனுக்கு உற்சாகம் வேணுமில்ல?

பிரச்சாரம் சூடு பிடிச்ச நேரத்துல, பேஸ்புக்குல ஒரு புது அக்கவுன்ட் வந்துச்சு. பேரு தெருக்குழாய். போட்டோ இருக்க வேண்டிய எடத்துல ஒரு பித்தளைக் குழாய்ப் படம். முதல் பதிவு இதுதான்: 'அண்ணன் ஓட்டுக் கேட்டு வந்த அன்னைக்கு எங்க தெருவுல தண்ணி வந்துச்சு. அண்ணன் தினமும் வரணும்.'

சாஃப்ட்வேர் பச்சை போட்டுச்சு. நானும் படிச்சுப் பார்த்தேன். தண்ணி வந்துச்சுங்கிறாங்க, அண்ணன் வரணுங்கிறாங்க. இதுல எங்க சார் சிவப்பு இருக்கு?

அடுத்தது: 'எங்க வீட்டுக் குழாயில காத்து ரொம்ப நல்லா வருது. கரண்ட் போனாலும் புழுக்கம் தெரியிறதில்ல. அண்ணனுக்கு நன்றி.' நன்றின்னு இருக்குல்ல, அதுவும் பச்சை.

அன்னைக்குக் காலையில தோசை சாப்பிட்டுக்கிட்டே இத முத்துக்கனிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 'எவனோ ஒருத்தன் நம்ம அண்ணன் மேல உசிரா இருக்கான். நல்லா எழுதுறான்'னு சொன்னேன். அவ தோசைக் கரண்டியோட அடுப்படி வாசல்ல வந்து நின்னா.

"நல்லா எழுதுறானா?"

"சூப்பரா எழுதுறான். படிச்சவனா இருப்பான்."

"எங்க, இன்னொரு தடவை வாசிங்க."

வாசிச்சேன் சார். கல்யாணமாகி இத்தனை வருசத்துல நான் சொன்ன எதையும் அவ அப்படி ஆசையாக் கேட்டதில்ல. கேட்டுட்டு மெல்லச் சிரிச்சா. அடுப்புல தோசை கருகுற வாசம் வருது, அவ அசையல. என் வேலையில அவளுக்கு இப்பத்தான் ஒரு பிடிப்பு வந்திருக்குன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். இப்ப நினைச்சா வயிறு எரியுது. எப்படி சார் ஒரு பொம்பளைக்கு, கட்டின புருசனுக்கு முன்னாடி நின்னு அப்படிச் சிரிக்க மனசு வரும்?

அந்த அக்கவுன்ட்டு வேகமா வளர்ந்துச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க பூராம் அத ஷேர் பண்றாங்க. கீழ கமென்ட்டுல சிரிக்கிற பொம்மையா வருது. சிரிப்பும் பச்சைதான். அழுதாத்தான் சார் சிவப்பு. பார்த்தா, பெரும்பாலும் எங்க தெருவுல இருந்துதான் வருது. எனக்குப் பெருமை தாங்கல. அண்ணன்கிட்ட ரிப்போர்ட் குடுத்தேன். 'அண்ணே, எங்க தெரு உங்க கோட்டை. பொம்பளைங்க உங்கள தினமும் எதிர்பார்த்து நிக்கிறாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.'

எங்க தெருவுல தண்ணிக் கஷ்டம் இருக்கிறது உனக்கே தெரியாதான்னு நீங்க கேக்கலாம். கதிரேசனும் அதத்தான் கேட்டான். எப்படி சார் தெரியும்? காலையில குளிக்கப் போனா வாளி நிறைஞ்சிருக்கும். தாகத்துக்குப் போனா குடம் நிறைஞ்சிருக்கும். அதுல தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்க எனக்கு நேரம் ஏது? தொகுதி முழுக்க ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு பார்க்க வேண்டியவன் நான்.

அண்ணன் திறந்த ஜீப்புல வந்தாரு. மேளம், வெடி, மாலை எல்லாம் இருக்கு. தெரு முக்குல பொம்பளைங்க வரிசையா ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்க. அண்ணன் என் தோள்ல கை போட்டு, 'நீ சொன்ன மாதிரியே இருக்கேப்பா'ன்னாரு. அந்தக் கையோட பாரம் இன்னும் எனக்குத் தோள்ல இருக்கு சார். இறங்கி, முதல் தட்டுக்கு முன்னாடி போயி நின்னாரு. தட்டுல மஞ்சப்பொடி கொஞ்சம், சுண்ணாம்பு கொஞ்சம். காஞ்சு போயிக் கிடக்கு.

"என்னம்மா, இன்னும் கரைக்கலயா?"

"கரைக்கத் தண்ணி இல்லண்ணே. நீங்கதான் வந்துட்டீங்களே, இப்ப வந்துரும்" அப்படின்னு சொல்லிட்டு அந்தம்மா தட்ட எடுத்துக்கிட்டுத் தெருக்குழாய்கிட்டப் போச்சு. குழாயத் திறந்துச்சு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். தட்டப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. அண்ணன் அடுத்த தட்டப் பார்த்தாரு. அதுலயும் காஞ்ச மஞ்சள். அதுக்கடுத்த தட்டுலயும் அதே. ஒருத்தி சத்தம் போடணுமே, ஒருத்தி திட்டணுமே? இல்ல. எல்லாரும், 'வாங்கண்ணே, வாங்கண்ணே'ன்னு சிரிச்ச மொகமா இருக்காங்க. பின்னால நிக்கிறவங்க கையிலயெல்லாம் போனு, எல்லாம் வீடியோ எடுக்குது. மேளக்காரன் மட்டும் விசயம் தெரியாம அடிச்சுக்கிட்டே இருந்தான்.

கூட்டத்துல முத்துக்கனியும் இடுப்புல குடத்தோட நின்னா. என் மேல உள்ள பாசத்துல அண்ணனப் பார்க்க வந்திருக்கான்னு நினைச்சு நான் கையாட்டினேன். அவளும் ஆட்டினா.

சாயங்காலத்துக்குள்ள அந்த வீடியோ எங்கெங்கயோ போயிருச்சு. தெருக்குழாய் அதப் போட்டு, மேல ஒரு வரி எழுதியிருந்துச்சு. 'அண்ணன் வந்தாரு. குழாய்க்குத்தான் இன்னும் தகவல் போகல.'

கதிரேசன் என்னைக் கூப்பிட்டு வெச்சுக் கிழிச்சான் பாருங்க. என் வயசுக்குச் சின்னவன் சார் அவன். அண்ணன் போனையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கடைசியா, 'சௌந்தரு, அது யாருன்னு எனக்கு வேணும்'னாரு. சத்தமே இல்லாமச் சொன்னாரு.

நான் சும்மா விடுவேனா? உக்காந்து அந்த அக்கவுன்ட்ட அலசினேன். எங்க தெருவுக்குள்ள இருக்கிற ஆளு. நக்கல் அடிக்கத் தெரிஞ்சவன். எழுத்துல ஒரு தப்பு இல்ல. அப்ப படிச்சவன். எதிர்க்கட்சி சம்பளம் குடுத்து வெச்ச ஆளாத்தான் இருக்கணும். ஆம்பளைங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பொம்பளைங்க கோபப்பட்டா கத்துவாங்க, இப்படி நிதானமா ஊசி ஏத்த மாட்டாங்க. எங்க தெருவுல அப்படி யாருன்னு பார்த்தா ஒரே ஒருத்தன். எபனேசர். முக்குல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். வயசானவங்களுக்குப் பென்சன் மனு, ரேசன் கார்டு மனு எல்லாம் எழுதிக் குடுப்பான். குடிதண்ணி கேட்டு கலெக்டருக்கு மனு எழுதினவனும் அவன்தான். எல்லாம் கச்சிதமாப் பொருந்துது.

நான் பேரை மட்டும்தான் சார் சொன்னேன். அதுவும், 'இருக்கலாம்'னுதான் சொன்னேன். அவங்க போயி அந்த மாதிரி செய்வாங்கன்னு நான் கண்டேனா?

மறுநாள் மத்தியானம். நாலஞ்சு பேர் பைக்குல போயி, கடைக்குள்ள பூந்து, ஜெராக்ஸ் மெசினத் தூக்கி ரோட்டுல போட்டிருக்காங்க. எபனேசர் தடுக்கப் போயிருக்கான். கைய முறுக்கினதுல வலது கை எலும்பு ஒடிஞ்சு போச்சு. 'நீதான் தெருக்குழாயாடா'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சிருக்காங்க. அவன், 'எந்தக் குழாய்ங்க? எந்தக் குழாய்ங்க?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தானாம். அது கிண்டல்னு நினைச்சு இன்னும் ரெண்டு போட்டிருக்காங்க.

நான் அப்ப வீட்டுலதான் இருந்தேன். முத்துக்கனி வெளியில இருந்து வந்தா. மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. செருப்பக்கூட கழட்டல.

"எபனேசர் அண்ணன் இல்லைங்க. நான்தான்."

"நீதான் என்ன?"

"தெருக்குழாய்."

நான் சிரிச்சேன். 'போ, போயி டீ போடு'ன்னேன். அவ நின்ன எடத்துலயே நின்னு, வாய்க்குள்ள பேசுற மாதிரி சொன்னா: 'மேட்டுத் தெருவுல புதுத் தொட்டி கட்டி வருசாவருசம் பெயின்ட் அடிக்கிறாங்க. உள்ள ஈரமே படாததால, பெயின்ட்டு உரியவே மாட்டேங்குது. இது நாளைக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன்.'

சார், அதே நடை. அதே ஊசி. என் சாஃப்ட்வேருக்கு வேணும்னா தெரியாமப் போகலாம், எனக்குத் தெரியாதா? அத்தன பதிவையும் மனப்பாடமா வெச்சிருக்கிறவன் நான்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? புருசன்தானே நான்?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"எழுதின ஒவ்வொண்ணும் முதல்ல உங்ககிட்ட சொன்னதுதாங்க. குழாயில காத்துதான் வருதுன்னு உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். அண்ணன் வந்த அன்னைக்கு மட்டும் தண்ணி வந்துச்சு, தினமும் வரச் சொல்லுங்கன்னேன். நீங்க ஜனங்க என்ன பேசுறாங்கன்னு போன்ல பார்த்துக்கிட்டிருந்தீங்க. பவித்ராகிட்ட சொல்லி வருத்தப்பட்டேன். அங்க எழுதும்மா, அப்பா கண்டிப்பாப் படிப்பாருன்னா. எழுதினேன். படிச்சீங்க."

பவித்ரா எம் மக சார். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. அவதான் அக்கவுன்ட் ஆரம்பிச்சுக் குடுத்திருக்கா. பெத்த மகளும் கூட்டு!

"நல்லா எழுதுறான்னு சொன்னீங்க"ன்னா முத்துக்கனி. அவ்வளவு பெரிய பிரச்சினைக்கு நடுவுல, அதச் சொல்றப்ப அவ குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கு அது எதுக்குன்னு புரியல.

அப்புறம் கேட்டா. "எபனேசர் அண்ணன் பேர யாருங்க சொன்னது?"

'கட்சிக்காரங்களுக்கு யாரோ சொல்லியிருப்பாங்க'ன்னேன். அவ என்னையே பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

நான் நிதானமாத்தான் சார் எடுத்துச் சொன்னேன். 'ஓட்டுப்பதிவு முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாத. அந்த அக்கவுன்ட்ட அழிச்சிரு.' இதுல என்ன தப்பு இருக்கு? குடும்பத்தக் காப்பாத்தணும்ல?

"அவருக்கு வலது கை ஒடிஞ்சிருக்குங்க. நாளைக்கு திரும்பவும் வந்து அடிச்சா?"

"கை கட்டுப் போட்டாச் சேர்ந்துரும். என் பொழப்பு போச்சுன்னா சேருமா?"

அவ தலைய ஆட்டிக்கிட்டா. சரின்னு சொல்றான்னு நினைச்சேன். திரும்பி நடந்து போயிட்டா. டீ போடத்தான் அடுப்படிக்குப் போறான்னு பார்த்தா, வாசக்கதவு சாத்துற சத்தம் கேக்குது.

நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. எபனேசர் கட்டில் பக்கத்துல நின்னு, அவன் பொண்டாட்டி கையில போனக் குடுத்து, பேஸ்புக்குல லைவ் போட்டுட்டா. மறைச்சிக்கல, மொகத்தத் தெளிவாக் காட்டினா. அந்த வீடியோ எனக்கு வரி வரியாத் தெரியும்.

'என் பேரு முத்துக்கனி. தெருக்குழாய் நான்தான். எபனேசர் அண்ணன் இல்ல. அவருக்கு பேஸ்புக்கே கிடையாது. அண்ணன் வந்த ஒரு நாளத் தவிர எங்க தெருவுல குழாயில தண்ணி வந்து மாசக்கணக்காச்சு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார்ல போயி, விடியிறதுக்குள்ள குடம் குடமாத் தூக்கிட்டு வர்றோம். அதச் சொன்னேன். சொன்னதுக்கு அடிக்கணும்னா என்னை வந்து அடிங்க, நான் வீட்டுலதான் இருப்பேன்.' அதோட நிறுத்தியிருக்கலாம்ல? கடைசியில ஒண்ணு சொன்னா. 'என் வீட்டுக்காரரு கட்சிக்குத்தான் வேலை பார்க்கிறாரு. அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவருக்கு எதுவும் தெரியாது.'

அவருக்கு எதுவும் தெரியாது!

முடிஞ்சு போச்சு சார். ஊர் மனசப் படிக்கிறவனுக்கு வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாதுன்னு, என் கல்யாண போட்டோவத் தேடி எடுத்துப் போட்டு, கீழ அந்த வரிய எழுதிட்டாங்க. எதுக்கெடுத்தாலும் அந்த வரி. பஸ் லேட்டா, 'கண்டக்டருக்கு எதுவும் தெரியாது.' பரீட்சையில பெயிலா, 'வாத்தியாருக்கு எதுவும் தெரியாது.' பக்கத்துல என் மூஞ்சி. நான் வாழ்க்கை முழுக்கப் படிச்ச படிப்புக்கு என் பொண்டாட்டி குடுத்த பட்டம். என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேங்கிறா. காப்பாத்துற லட்சணமா சார் இது?

கேவலம் என்னன்னா, அந்த வீடியோவுக்கு வந்த கமென்ட்ட எல்லாம் நான் ஒரு நாள் சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தேன். சும்மா, பழக்கதோசம். பூராம் பச்சை. ஒரு சாம்பலக்கூட நான் சேர்க்க வேண்டியிருக்கல.

இன்னொண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. அவ எழுதினாளே, அதையெல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சேன். எவ்வளவு நல்லாப் பேசுறா சார்! எங்க இருந்துச்சு இந்தப் பேச்செல்லாம்? வீட்டுல, 'சாப்பாடு போடவா?', 'சட்ட அழுக்கா?' இதானே பேசினா? தெருவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் அவ இப்படின்னு தெரிஞ்சிருக்கு. குழாயடியில இவ பேச்சக் கேக்குறதுக்குன்னே கூட்டம் கூடுமாம். ஒரே வீட்டுல இருக்கிற எனக்கு மட்டும் அதக் காட்டல. அதான் சார் எனக்குத் தாங்கல. மத்ததெல்லாம்கூட மன்னிச்சிருவேன்.

அண்ணன் கூப்பிட்டு விட்டாரு. போனேன். திட்டுவாருன்னு நினைச்சேன், திட்டல. உக்காருன்னும் சொல்லல. 'வீட்டுல ஒரு ஆள் எழுத, நீ எனக்கு அதயே பச்சைன்னு வாசிச்சுக் காட்டியிருக்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து நல்லா வேலை பார்த்தீங்கப்பா'ன்னாரு. 'அண்ணே, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது'ன்னு சொல்லிட்டேன். வாயில அதே வரிதான் வருது! பக்கத்துல நின்னவன் எல்லாம் சிரிச்சிட்டான். கதிரேசன், 'தெரியுமே'ங்கிறான். ரூம் சாவிய வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பிட்டாங்க. அத்தன காலை அந்த மனுசனுக்குச் சந்தோசம் குடுத்திருக்கேன் சார். ஒரு காலையாவது நினைச்சுப் பார்த்தாரா?

கடைசியில அண்ணன் தோத்துட்டாரு. நான் ஜெயிப்பாருன்னு போட்டிருந்தேன். ஓட்டு எண்ணுறப்ப தனியா உக்காந்து டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். அண்ணன் பதிவுக்கெல்லாம் ஹார்ட் போட்டாங்களே, அந்த ஆயிரக்கணக்கான பேர் எங்க போனாங்க? மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டு கைவிரல் வேற ஒண்ணப் போட்டா நான் என்ன சார் செய்ய முடியும்? என் கணக்குல தப்பே இல்ல. ஜனங்கதான் உண்மையாப் பேசல.

எபனேசரா? கட்டுப் பிரிச்சாச்சு. எங்க தெருப் பொம்பளைங்க ஒண்ணு கூடி, எங்கயோ ஒரு பழைய ஜெராக்ஸ் மெசினப் பிடிச்சுக் கொண்டாந்து கடையத் திறந்து குடுத்துட்டாங்க. முன்னால நின்னு செஞ்சது முத்துக்கனிதான். நான் அந்த வழியாப் போனா, 'வாங்க சார், நல்லாருக்கீங்களா?'ன்னு எந்திரிச்சு நிக்கிறான். என்ன அழுத்தம் பாருங்க. நேரா ரெண்டு வார்த்தை கேட்டுட்டாக்கூடத் தேவல. அவன் பேர யாரு சொன்னதுன்னு முத்துக்கனி அவன்கிட்ட சொல்லிட்டாளா இல்லையான்னும் தெரிய மாட்டேங்குது. இவகிட்ட கேக்கவும் முடியல.

வீட்டுலதான் இருக்கா. எங்க போவா? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சமைச்சு வைக்கிறா, துணி தேச்சு வைக்கிறா. சாயங்காலமானா தெருப் பொம்பளைங்க வந்து வாசல்ல உக்காந்துக்கிறாங்க. இவ ஏதோ சொல்றா, எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் உள்ளே இருந்து காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என்ன சொன்னான்னு சரியாக் கேக்காது. எந்திரிச்சு வெளிய வந்தா சட்டுன்னு அமைதியாயிரும். 'என்ன விசயம்?'னு கேட்டா, 'ஒண்ணும் இல்லைங்க'ம்பா. தெருக்குழாய் அக்கவுன்ட்ட மூடிட்டா. அதுலயாச்சும் ஏதாவது எழுதினான்னா தெரிஞ்சுக்கலாம். அதுவும் இல்ல.

இப்ப எங்க போறேன்னா, உள்ளாட்சித் தேர்தல் வருதுல்ல. திருச்சியில ஒருத்தருக்கு இந்த மாதிரி ஆளு வேணுமாம். என் போட்டோவ அவர் பார்க்கல போல. பார்த்திருந்தாலும் பரவாயில்ல, அங்க எனக்கு வீடு கிடையாது, தெரு கிடையாது. லாட்ஜுல ரூம் போட்டுத் தர்றாங்களாம். நிம்மதியா ஜனங்க என்ன பேசுறாங்கன்னு மட்டும் பார்க்கலாம்.

இருங்க, போனு அடிக்குது.

அவதான்.

இல்ல சார், அடிக்கட்டும். எடுத்தா என்ன சொல்லப் போறா? பஸ் எங்க வருது, சாப்பிட்டீங்களா, இதான். காலையிலயே கிளம்புறப்ப வாசல் நடையில வந்து நின்னு, 'உங்ககிட்ட ஒண்ணு பேசணும்'னா. பஸ்ஸ விட்டுருவேன்னு வந்துட்டேன். அவசரம்னா வாட்ஸப்புல போடட்டும், படிச்சுக்கலாம்.

நின்னுருச்சு. பார்த்தீங்களா, அவசரம்லாம் ஒண்ணும் இருக்காது.

திரும்பவும் அடிக்கிறா. இருங்க, சத்தத்தக் குறைச்சுர்றேன், உங்களுக்கும் தொந்தரவு.

நீங்க சொல்லுங்க சார். நீங்க வெளியாளு, எங்களுக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க. இதுல யார் மேல தப்பு?

என்ன சார்?

இல்ல இல்ல, இருங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியுது. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. அந்தக் கதிரேசன் கடைசியில எனக்குச் செஞ்சத நான் இன்னும் சொல்லவே இல்லையே.